களிமண் போக்கர் சிப்: முதல் ஆர்டரிலேயே அடுத்த ஆர்டரும் இருக்கிறது

வீட்டில் நண்பர்களோடு போக்கர் ஆடுகிறவர்கள், தங்கள் ஆட்டத்தின் பெயர் போட்ட சிப் செய்துகொள்ளத் தீர்மானித்ததும் டிசைனில் மூழ்கிவிடுகிறார்கள். நிறம், எழுத்து, விளிம்புப் பட்டை என்று வாரக்கணக்கில் மாற்றி மாற்றி வரைகிறார்கள். எத்தனை வேண்டும், பின்னால் எதைச் சேர்ப்போம் என்ற கணக்கு கடைசி நேரத்தில் அவசரமாக முடிந்துவிடுகிறது. எனக்கு இந்தக் கணக்குதான் முக்கியம்.

முதலில் எதைச் செய்யச் சொல்வது என்று பார்ப்போம். களிமண் சிப் என்று சொன்னாலும் முழுக்க மண்ணால் ஆன சிப் இன்று கிடையாது. கனிமப் பொடிகளும் பிணைப்புப் பொருளும் கலந்த நிறத் தகடுகளிலிருந்து வட்டங்களை வெட்டி, விளிம்பில் துண்டு எடுத்து அங்கே வேறு நிறத் துண்டைக் கையால் பொருத்தி, நடுவில் அச்சிட்ட வட்டத்தை வைத்து, சூடான அச்சில் அழுத்துகிறார்கள். சூதாட்ட விடுதிகளில் புகழ்பெற்ற பால்சன் சிப் இப்படி உருவாவதுதான். ஆனால் அதைத் தயாரிக்கும் ஜி.பி.ஐ. நிறுவனம் விடுதிகளுக்கு மட்டுமே விற்கிறது. நீங்களோ நானோ ஆர்டர் கொடுக்க முடியாது. தனி ஆட்களுக்கு இதே முறையில் செய்து தருவது அமெரிக்காவின் கிளாசிக் போக்கர் சிப்ஸ். மெய்ன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் இருந்த பழைய பர்ட் கம்பெனியின் வழியில் வந்த தொழிற்கூடம் அது.

அடுத்தது செராமிக். வெள்ளை வட்டின் முகம் முழுவதும், விளிம்பு உட்பட, சாயத்தை வெப்பத்தால் ஏற்றி அச்சிடுவார்கள். என்ன படம் வேண்டுமானாலும் போடலாம்; பட்டை கூடினாலும் விலை கூடாது. களிமண்ணோடு ஒப்பிட்டால் விலையும் மிகக் குறைவு, காத்திருப்பும் குறைவு. கையில் எடுத்தால் மட்டும் வித்தியாசம் தெரியும். களிமண் சிப் மென்மையாக, தணிந்த ஓசையோடு அடுக்கில் உட்காரும். செராமிக் கணீரென்று ஒலிக்கும், கொஞ்சம் வழுக்கும்.

மூன்றாவது வழி, பழைய விடுதிச் சிப்களை வாங்கி நடுவில் உங்கள் பெயர் அச்சிட்ட வட்டத்தை ஒட்டிக்கொள்வது. தரத்துக்குக் குறைவில்லை. ஆனால் உலகில் மிச்சமிருப்பது எத்தனையோ அத்தனைதான். அதே நிறம், அதே பட்டை இன்னொரு நூறு வேண்டுமென்றால் யாராவது விற்க வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆட்டம் வளரும் என்று நினைப்பவர்களுக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடைகளில் ‘11.5 கிராம் களிமண்’ என்று எழுதி விற்பவை பெரும்பாலும் உள்ளே உலோகத் தகடு வைத்த பிளாஸ்டிக். அவற்றை இங்கே கணக்கில் எடுக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். ‘இப்போது ஒரு மேசைக்கு வாங்குவோம், அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்’ என்பது நியாயமாகவே தோன்றும். களிமண் சிப்பில் அந்த ‘அப்புறம்’ அவ்வளவு எளிதில்லை. சாயத் தொட்டி மாறினால் ஒரே நெசவுக்காரரின் ஒரே சிவப்பும் கொஞ்சம் மாறுவதைப்போல, ஒவ்வொரு முறை கலக்கும்போதும் நிறம் இம்மியளவு விலகலாம். அதைவிடப் பெரிய விஷயம் தேய்மானம். இரண்டு வருடம் ஆடிய சிப்பின் கூர் விளிம்பு மழுங்கி, கைபட்டு நிறம் ஆழ்ந்திருக்கும். புதிதாக வந்ததை நடுவில் செருகினால் பக்கவாட்டில் பார்த்தாலே தெரியும். பருமனில் சிறு வேறுபாடு இருந்தால் தொல்லை இன்னும் கூடும். இருபது சிப்பை எண்ணி அடுக்கி, மற்ற அடுக்குகளை அதன் உயரத்தோடு ஒட்டிச் சரிபார்ப்பதுதான் மேசைப் பழக்கம். பழையதும் புதியதும் கலந்த அடுக்கில் அந்த அளவு ஏமாற்றும்.

அதனால் நான் சொல்வது இதுதான்: ஒரு நிறத்தில் உங்களுக்கு எப்போதும் தேவைப்படக்கூடிய மொத்தத்தையும் ஒரே தடவையில் வாங்குங்கள். பிறகு சேர்ப்பது புது மதிப்பாக இருக்கட்டும். புது மதிப்புக்கு எப்படியும் புது நிறம். பழையதோடு அதை யாரும் ஒப்பிடப் போவதில்லை.

டோர்னமெண்ட் ஆடுகிறவர்களுக்கு இது அழகாகப் பொருந்தும். ஒருவருக்கு 10,000 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 எட்டு, 100 எட்டு, 500 நான்கு, 1,000 ஏழு. மொத்தம் 27 சிப். இருபது பேருக்கு 160, 160, 80, 140 ஆக 540 வரும். இன்று பத்துப் பேர்தான் ஆடுகிறீர்கள் என்றாலும், இரண்டாவது மேசை வரும் என்ற எண்ணம் இருந்தால் இந்த 540-ஐயும் இப்போதே வாங்குங்கள். மேலே ஒரு நிறத்துக்குப் பத்து, தொலைவதற்கு. 5,000 சிப் இப்போது வேண்டாம். ரீபை அதிகமாகும்போது, சின்னச் சிப்களை மேசையிலிருந்து எடுத்துப் பெரியதாக மாற்றித்தர வேண்டிவரும்போது, அதை வாங்கிக்கொள்ளலாம். இருபது ரீபை வந்தாலும் நாற்பது 5,000 போதும்.

கேஷ் கேம் வேறு மாதிரி. 25 சென்ட், 50 சென்ட் பிளைண்ட் ஆட்டத்தில் ஐம்பது டாலருக்கு 25 சென்ட் பன்னிரண்டு, ஒரு டாலர் பதினேழு, ஐந்து டாலர் ஆறு கொடுத்தால் சரியாக இருக்கும். எட்டுப் பேருக்கு ஐந்து டாலர் 48 தான் ஆகிறது என்று ஐம்பதோடு நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்தாதீர்கள். ஆட்டம் ஒன்று, இரண்டு டாலர் பிளைண்டுக்கு ஏறியதும் மேசையில் ஓடியாடி உழைப்பது ஐந்து டாலர் சிப்தான். 25 சென்ட் பெட்டிக்குள் தூங்கும். அதனால் 25 சென்டை நூறோடு விட்டு, ஐந்து டாலரை இருநூறு வாங்குங்கள். 25 டாலரைப் பின்னால் சேர்க்கலாம்.

இப்படி மொத்தமாக வாங்கினால் செலவு தாங்குமா? களிமண் சிப்பில் விளிம்புப் பட்டை சிக்கலாக ஆக விலை ஏறும், ஏனென்றால் அது கைவேலை. எண்ணிக்கை அதிகமுள்ள சின்ன மதிப்புகளுக்கு எளிய பட்டையும், சிலவே வேண்டிய பெரிய மதிப்புகளுக்கு நுணுக்கமான பட்டையும் போடுங்கள். பணம் மிச்சமாகும், பெரிய சிப்புக்கு மதிப்பும் கூடித் தெரியும். அமெரிக்க விடுதிகளில் ஐந்துக்குச் சிவப்பு, 25-க்குப் பச்சை, நூறுக்குக் கறுப்பு என்பது பழகிய வழக்கம். அதை ஒட்டினால் பிறகு வரும் மதிப்புக்கான நிறத்தை இன்றே ஒதுக்கிவைக்கலாம். அடர்ந்த ஊதாவும் கறுப்பும் மஞ்சள் விளக்கில் ஒன்றாகத் தெரியும். நிறத்தைக் கணினித் திரையில் முடிவு செய்யாமல், மாதிரிச் சிப்களை வரவழைத்து உங்கள் மேசை விளக்கின் கீழ் வைத்துப் பாருங்கள். நடுவட்டத்தில் வருடமோ தெருப்பெயரோ போடாதீர்கள். வருடம் போனாலோ வீடு மாறினாலோ அடுத்து சேர்க்கும் சிப் பழையதோடு ஒட்டாது.

செராமிக்கிலும் அச்சு நிறம் தடவைக்குத் தடவை மாறலாம். ஆனால் விளிம்பு அவ்வளவு மழுங்காது என்பதால் பிறகு சேர்ப்பது ஓரளவு எளிது. செராமிக் சிப்கள் பெரும்பாலும் சீனாவில் தயாராகி வருகின்றன. அமெரிக்காவில் இருப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 800 டாலர் வரையிலான பொதிகளுக்கு இருந்த சுங்கவரி விலக்கு, சீனப் பொதிகளுக்கு 2025 மே 2-லும், மற்ற நாடுகளுக்கு ஆகஸ்ட் 29-லும் நீக்கப்பட்டது. நூறு சிப் ஒரு கிலோ கனம் வரும். இருபது, முப்பது என்று சின்னச் சின்னதாகச் சேர்த்தால் சரக்குக் கட்டணமும் வரியும் சிப் விலையையே தாண்டிவிடும்.

எதை வாங்கினாலும் அச்சின் பெயர், ஒவ்வொரு நிறத்தின் பெயர், பட்டையின் குறியீடு, நடுவட்டத்தின் மூலக் கோப்பு, எழுத்துரு எல்லாவற்றையும் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளரிடம் இருக்கும் என்று விட்டுவிட வேண்டாம். லாஸ் ஏஞ்சலஸின் டி.ஆர். கிங் போன்ற பழைய நிறுவனமே மூடப்பட்டு, அதன் சிப் வைத்திருந்தவர்களுக்குப் புதிதாகச் சேர்க்க வழியில்லாமல் போனது.

ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையும் பிளைண்டும் நிலைத்துவிட்ட ஆட்டத்துக்குக் களிமண்தான், தயங்க வேண்டாம். எத்தனை பேர் வருவார்கள் என்றே இன்னும் தெரியாத புது ஆட்டமென்றால் ஒரு வருடம் செராமிக்கில் ஆடுங்கள். எந்த மதிப்பு எத்தனை ஓடுகிறது என்று குறித்து வைத்துக்கொண்டு, அந்தக் குறிப்போடு களிமண் ஆர்டரை அனுப்புங்கள்.