வில்லங்கத்துக்கும் கெடு உண்டு

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று ராத்திரி நீ போனில் அழுதது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. சமையலறை வேலை செய்த கான்ட்ராக்டர் 18,000 டாலருக்கு உங்கள் ஃப்ரீமான்ட் வீட்டின் மேல் லீன் பதிந்துவிட்டார் என்பதால் வீடு கைநழுவிப் போய்விடவில்லை. ஊரில் வில்லங்கம் என்போமே, அதுதான் இது. எந்த நீதிபதியும் விசாரித்துக் கொடுத்த தீர்ப்பல்ல. அவரே எழுதி, கவுண்டி அலுவலகத்தில் பதிந்த கோரிக்கை. பயந்துபோய் செக் எழுதிவிடாதே.

முதலில் நாட்களை எண்ணு. கலிஃபோர்னியாச் சட்டப்படி, வேலை முடிந்து 90 நாளுக்குள் அவர் லீனைப் பதிந்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் நீங்கள் நிறைவு அறிவிப்பைப் பதிந்திருந்தால் அவருக்கு 60 நாள்தான் கிடைத்திருக்கும். லீன் பதிந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் அவர் கோர்ட்டில் வழக்கும் போட வேண்டும். போடாவிட்டால் லீன் செல்லாது. இந்த இடைவெளியில் "பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று ஏதாவது தாளை நீட்டினால், வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதே. அந்தக் கெடுவைத் தள்ளிப்போடும் தாளாக அது இருக்கலாம்.

செல்லாமல் போன லீனும் பதிவேட்டில் அப்படியே கிடக்கும். வீட்டை விற்கவோ ரீஃபைனான்ஸ் செய்யவோ போகும் நாளில் டைட்டில் கம்பெனி அதைக் கண்டுபிடித்து நிறுத்திவிடும். அதனால் கெடு தாண்டியதும், லீனை விடுவிக்கச் சொல்லி சர்டிஃபைடு மெயிலில் கடிதம் அனுப்பு. 10 நாள் கழித்தும் அவர் அசையாவிட்டால் கோர்ட்டில் மனுப் போடலாம். அதில் ஜெயித்தவருடைய வக்கீல் செலவைத் தோற்றவர் கொடுக்க வேண்டும். அதுவரை காத்திருக்க முடியாதபடி அவசரம் வந்தால், லீன் தொகையில் 125 சதவீதத்துக்கு, அதாவது 22,500 டாலருக்கு, பாண்டு எடுத்துப் பதிந்து வீட்டை மீட்டுக்கொள்ளலாம். வழக்கு பாண்டின் மேல் போகும்.

அவருடைய லைசென்ஸையும் பார். மாநில லைசென்ஸ் போர்டின் தளத்தில் அவர் எண்ணைப் போட்டால் தெரியும். லைசென்ஸ் இல்லாமல் செய்த வேலைக்குக் கூலி கேட்டு அவர் வழக்காட முடியாது. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமைகூட உங்களுக்கு உண்டு.

எங்களுக்கு நேர்ந்ததை உன்னிடம் சொன்னதில்லை. கூரை மாற்றிய கான்ட்ராக்டருக்கு முழுப் பணமும் கொடுத்த பிறகு, அவருக்குச் சரக்கு கொடுத்த கடை எங்கள் வீட்டின் மேல் லீன் போட்டது. அவர் அந்தக் கடைக்குக் கொடுக்கவே இல்லை. வேலை தொடங்கியபோது அந்தக் கடையிலிருந்து வந்த முன்னறிவிப்பை விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டிருந்தேன். கொடுத்த பணத்தையே இரண்டாம் முறை கொடுத்தோம். உன் தபால் பெட்டியில் அப்படி வந்த தாள்கள் இருந்தால் எல்லாவற்றையும் எடுத்து வை.

இன்னொன்று, உனக்குப் பிடிக்காமல் போகலாம். அலமாரிக் கதவுகள் கோணல் என்கிறாய். கல் பதித்த வேலை நன்றாக இருக்கிறது என்றும் நீதான் சொன்னாய். அந்த வேலைக்கு உரியதைக் கொடுத்துவிடுங்கள் அம்மா. லீன் செத்தாலும் கடன் சாகாது; ஒப்பந்தத்தை வைத்து அவர் தனியாக வழக்குப் போடலாம். ஆனால் லீனை விடுவிக்கும் பத்திரத்தில் அவர் கையெழுத்துப் போட்ட பிறகே செக்கைக் கொடு.

திங்கட்கிழமை ஓக்லண்டில் கவுண்டி ரெக்கார்டர் அலுவலகம் திறந்ததும் போய், பதிவு முத்திரையோடு லீனின் நகலை வாங்கு. அதில் உள்ள தேதியை உடனே எனக்குச் சொல். எந்த வக்கீலிடம் போவது என்பதை அதற்குப் பிறகு பார்ப்போம்.

அன்புடன்,
சித்தப்பா