வெறும் பெட்டி ஏன் தூக்கி அடிக்கிறது?

கேள்வி: ஐயா, தெல்லிப்பழையில் தோட்டம் செய்கிறேன். பழைய ரொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கப் ஒன்று வைத்திருக்கிறேன். வெங்காயம் நிறைய ஏற்றிக்கொண்டு மருதனார்மடம் சந்தைக்குப் போகும்போது சுகமாக ஓடுகிறது. இறக்கிவிட்டு வெறும் பெட்டியோடு திரும்பினால் ஒவ்வொரு கிடங்கிலும் பின்பக்கம் தூக்கித் தூக்கி அடிக்கிறது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனால் பின் சீற்றிலிருந்து ஏச்சுத்தான். மச்சானின் நிசான் நவாரா இப்படி அடிப்பதில்லை. சொக் போய்விட்டது என்று கராச்சில் சொல்கிறார்கள். வேறொருவர் ஸ்பிரிங்கில் ஒரு தகட்டைக் கழற்றச் சொல்கிறார். பாரம் கூடினால் வாகனம் சுகமாக ஓடுவது எப்படி? இதை விற்றுவிட்டு நவாராவோ, இசுசு டீ-மக்ஸோ, மிற்சுபிசி எல்200ஓ எடுக்கலாமா?

பதில்: உங்கள் இரண்டு கேள்விகளில் முதலாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. எந்தக் கப்பை வாங்கலாம் என்று பலரும் கேட்பார்கள். பாரம் கூடும்போது சுகமும் கூடுவது ஏன் என்று கேட்பவர்கள் குறைவு. அதற்கு விடை தெரிந்தால் எதை வாங்குவது என்பதில் பாதி தானாகவே தெளிந்துவிடும்.

முதலில் சொக்கை விடுவிப்போம். சொக் அப்சோபர் பாரத்தைத் தாங்குவதில்லை. பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங் ஆடத் தொடங்கினால் அந்த ஆட்டத்தை எண்ணெயின் தடையால் அடக்குவது மட்டுமே சொக்கின் வேலை. ஆகவே சொக் போன வாகனம் கிடங்கைத் தாண்டிய பிறகும் இரண்டு மூன்று தரம் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே போகும். உங்கள் வாகனம் அப்படிச் செய்வதாக நீங்கள் எழுதவில்லை. “தூக்கி அடிக்கிறது” என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஒரே அடி, பிறகு அமைதி என்றால் அது ஸ்பிரிங்கின் விறைப்பு. சொக்கின் உடம்பில் எண்ணெய் கசிந்த அடையாளம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இல்லாவிட்டால் அதற்குக் காசு செலவழிக்க அவசரமில்லை.

இப்போது காரணத்துக்கு வருவோம். ஒரு கப்பின் முன்பக்கத்தில் இயந்திரம் எப்போதும் இருக்கிறது. நீங்கள் வெங்காயம் ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் முன் சில்லுகளின் மீதுள்ள பாரம் பெரிதாக மாறாது. அதனால் முன் ஸ்பிரிங்கை அந்த ஒரே பாரத்துக்கு அளவாக, மென்மையாகச் செய்துவிடலாம். பின்பக்கத்தின் கதை வேறு. பெட்டி ஏறக்குறையப் பின் அச்சின் மேலேயே இருப்பதால், ஏற்றும் பாரத்தில் பெரும்பகுதி அங்கேதான் போய்ச் சேரும். கணக்குக்காக, வெறும் பெட்டியோடு பின் ஸ்பிரிங்குகளின் மீது 600 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் ஒரு தொன் ஏற்றினால் 1,600 கிலோ. இரண்டரை மடங்குக்கும் மேல்! 1,600 கிலோவிலும் பெட்டி அச்சில் இடிக்காமல் நிற்க வேண்டும் என்றுதான் அந்த ஸ்பிரிங்கைச் செய்கிறார்கள். 600 கிலோ இருக்கும்போது அதே ஸ்பிரிங் அளவுக்கு மிஞ்சி விறைப்பாக இருப்பது தவிர்க்க முடியாதது.

இனி உங்கள் ஒழுங்கையில் ஒரு கிடங்கின் விளிம்பில் பின் சில்லுகள் 5 சென்ரிமீற்றர் ஏறுகின்றன என்று பாருங்கள். ஒரு தொன்னுக்குப் பெட்டி 10 சென்ரிமீற்றர் தாழ்கிற ஸ்பிரிங் என்றால், அந்த 5 சென்ரிமீற்றருக்கு அது ஏறக்குறைய 500 கிலோ பாரத்துக்குச் சமமான விசையால் மேலே தள்ளும். ஏற்றியிருந்தாலும் வெறுமையாக இருந்தாலும் தள்ளுகிற விசை ஒன்றேதான். ஆனால் அந்த விசை 600 கிலோவைத் தள்ளும்போது அது துள்ளி எழும். 1,600 கிலோவைத் தள்ளும்போது மெல்ல அசைந்து கொடுக்கும். மயிலிட்டித் துறைமுகத்தில் மீன் நிறைந்து வருகிற வள்ளத்தையும் வெறுமையாக அலையில் ஆடுகிற வள்ளத்தையும் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான்.

ஆட்டத்தின் வேகமும் மாறுகிறது. ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் எந்தப் பொருளுக்கும் ஒரு இயல்பு அதிர்வெண் உண்டு, அதாவது ஒரு செக்கனுக்கு அது தானாக எத்தனை தரம் மேலும் கீழுமாக ஆடும் என்பது. மேலே சொன்ன கணக்கின்படி வெறும் பெட்டி செக்கனுக்கு இரண்டு தரம் ஆடும். ஒரு தொன்னோடு 1.2 தரம். மனித உடம்புக்குச் சுகமானது இந்த இரண்டாவது, மெதுவான வேகம். பயணக் கார்களின் ஸ்பிரிங்கையும் 1 முதல் 1.5 வரைதான் வைக்கிறார்கள். நிறைய ஏற்றிய உங்கள் ஹைலக்ஸ் கிட்டத்தட்ட ஒரு காரைப்போல ஓடுகிறது என்பது வெறும் பேச்சில்லை. அம்மாவின் ஏச்சுக்கும் காரணம் இருக்கிறது: டபிள் கப்பின் பின் சீற், முன் சீற்றை விடப் பின் அச்சுக்குக் கிட்ட இருக்கிறது. முன்னால் ஓட்டுபவருக்கு அந்த அடி பாதிதான் தெரியும். அம்மாவை முன் சீற்றில் இருத்துங்கள்.

தகட்டைக் கழற்றும் யோசனையைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பல கப்களில் இது நடக்கிறது. அதனால் வரும் ஆபத்து யாருக்கும் உடனே தெரிவதில்லை. தகட்டு ஸ்பிரிங் என்பது நீளம் குறைந்து குறைந்து போகும் உருக்குத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. எங்கள் ஊர்களில் மண்ணெண்ணெயில் ஓடிய பழைய ஒஸ்ரின் ஏ40 கார்களின் பின்பக்கத்திலும் இதுதான் இருந்தது. கப்களின் அடுக்கில் ஆகக் கீழே, தடித்து, வளைவு குறைந்து ஒரு தகடு இருக்கும். அது உதவித் தகடு. வெறும் பெட்டியில் அதன் நுனிகள் மேல் தகட்டைத் தொடுவதே இல்லை. பாரம் ஏறி மேல் தகடுகள் தட்டையானபிறகுதான் அது வேலைக்கு வரும். கழற்றச் சொல்பவர்கள் பெரும்பாலும் கையை வைப்பது இந்தத் தடித்த தகட்டில்தான். வெறுமையில் வேலை செய்யாத ஒன்றைக் கழற்றினால் வெறுமையில் விழும் அடி எப்படிக் குறையும்? வெங்காயம் ஏற்றும் நாளில்தான் அந்த இழப்பு தெரியும்.

மேல் தகடுகளில் ஒன்றைக் கழற்றினால் அடி குறையும், உண்மைதான். ஆனால் ஏபிஎஸ் வராத காலத்துக் கப்கள் பலவற்றில் பின் அச்சிலிருந்து அடிச்சட்டத்துக்கு ஒரு மெல்லிய கம்பி போவதைக் காணலாம். அது பாரமறியும் பிறேக் வால்வின் கம்பி. பெட்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்து, பின் சில்லுகளுக்கு எவ்வளவு பிறேக் அழுத்தம் விடலாம் என்று அந்த வால்வு தீர்மானிக்கும். தகடு குறைந்து பெட்டி தாழ்ந்தால், வெறும் வாகனத்தையும் பாரம் ஏற்றியதாக எடுத்துக்கொண்டு அது பின்னுக்கு அழுத்தத்தைக் கூட்டும். மாரி மழையில் காங்கேசன்துறை வீதியில் பிறேக்கை மிதிக்கும்போது பின் சில்லு இறுகி வழுக்கினால், காரணம் கராச்சில் கழற்றி வைத்த அந்தத் தகடாக இருக்கலாம். கூடுதலாகத் தகடு அடிப்பவர்களுக்கு இதன் மறுபக்கம்: பெட்டி உயர்ந்து நிற்பதால், நிறைய ஏற்றியிருக்கும்போதும் பின் பிறேக் குறைவாகவே பிடிக்கும்.

பெட்டியில் நிரந்தரமாக இரண்டு மணல் மூட்டை போடலாமே என்பார்கள். 100 கிலோவைப் போட்டால் நம் கணக்கில் செக்கனுக்கு 2 தரம் என்பது ஏறக்குறைய 1.9 ஆகும். அவ்வளவுதான் இலாபம். அதற்காக ஆண்டு முழுவதும் மணலுக்கு டீசல் எரிக்க வேண்டாம். அதைவிடப் பயன்தரும் காரியம் காற்றில் இருக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஒட்டி இருக்கும். அதில் பின் ரயருக்கு வெறுமையில் ஒரு அழுத்தமும் பாரத்தில் வேறொரு அழுத்தமும் எழுதியிருக்கும். நம்மவர்கள் பாரத்துக்குரிய காற்றை அடித்துவிட்டு வருடக் கணக்கில் அப்படியே ஓடுகிறார்கள். சந்தையால் திரும்பி வந்து, அடுத்த சில நாட்களுக்கு ஏற்றும் வேலை இல்லையென்றால் வெறுமைக்குரிய அளவுக்குக் காற்றைக் குறைத்துவிடுங்கள். ஏற்றுமுன் மறக்காமல் கூட்டுங்கள். குறைந்த காற்றோடு ஒரு தொன் ஏற்றினால் ரயர் சூடேறி வெடிக்கலாம்.

இனி வாங்குவது பற்றி. மச்சானின் நவாரா அடிக்காததற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும்: 2014இல் வெளிவந்த என்பி300 நவாராவின் டபிள் கப்புக்குப் பல நாடுகளில் பின்னால் தகட்டுக்குப் பதிலாகச் சுருள் ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். தகட்டு ஸ்பிரிங் பாரத்தையும் தாங்கி, அச்சையும் இடம் மாறாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். சுருளோடு ஐந்து தண்டுகள் அச்சைப் பிடித்துக்கொள்வதால், சுருளுக்குப் பாரம் தாங்கும் வேலை மட்டும் மிஞ்சுகிறது. தகடுகள் ஒன்றோடொன்று உராய்வதும் இல்லை. ஆனால் முதலில் சொன்ன கணக்கிலிருந்து எந்த ஸ்பிரிங்கும் தப்ப முடியாது. ஆஸ்திரேலியாவில் இந்த நவாரா 2015இல் விற்பனைக்கு வந்ததும், பாரம் ஏற்றினால் பின்பக்கம் அளவுக்கு மீறித் தாழ்கிறது என்ற குறை எழுந்தது. நிசான் 2017இலும் 2018இலும் ஸ்பிரிங்கை மாற்றி அமைத்தது. உங்கள் மச்சான் ஒரு தொன் ஏற்றும் தேவை இல்லாதவர் என்றால் அவருக்கு அது மிகப் பொருத்தமான வாகனம். எல்லா நவாராவிலும் சுருள் இல்லை என்பதால், வாங்குபவர் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல் குனிந்து பார்க்க வேண்டும்.

டீ-மக்ஸ், எல்200 இரண்டும் தகட்டு ஸ்பிரிங் வாகனங்கள். ஹைலக்ஸை விற்று டீ-மக்ஸ் எடுத்தால் இந்தக் கேள்வியையே அடுத்த வருடம் மறுபடியும் எனக்கு எழுதுவீர்கள். டீ-மக்ஸ் நல்ல உழைப்பாளி, நாள்தோறும் ஏற்றி இறக்குபவருக்கு நான் தயங்காமல் சொல்வேன். அம்மாவின் ஏச்சுக்கு மட்டும் அது மருந்தில்லை.

எல்200க்கு எங்கள் ஊரில் ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது, அது ஒழுங்கை. இரு பக்கமும் மதில், முடக்கில் யாரோ ஒருவரின் படலை, எதிரே ஒரு சைக்கிள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் கூடினால் முடக்கில் பின் சில்லு உள்பக்கமாக வெட்டும். மதிலில் தேய்வது அதனால்தான். 2014இல் வந்த எல்200இல் இந்தத் தூரம் 3,000 மில்லிமீற்றர், ஹைலக்ஸில் 3,085, அதே காலத்து நவாராவில் 3,150. அந்த எல்200 திரும்பும் வட்டத்தின் அரைவிட்டம் 5.9 மீற்றர், இந்த வகைக் கப்களில் பல 6 மீற்றரைத் தாண்டும். காகிதத்தில் சின்ன வித்தியாசம். ஒரே மூச்சில் திரும்புவதற்கும் ஒருதரம் பின்னெடுத்துத் திரும்புவதற்கும் இடையில் உள்ள தூரம் அவ்வளவேதான். பின்பெட்டி அச்சைத் தாண்டிக் கொஞ்சம் கூடுதலாகப் பின்னால் நீளுவது இதற்கு அது கொடுக்கும் விலை. ஆகவே பாரமான மூட்டைகளைக் கபினோடு ஒட்டி அடுக்குங்கள். பின்கதவுப் பக்கம் குவித்தால் முன் சில்லுகள் இலேசாகி ஸ்டியறிங் பிடி குறையும். இது எந்தக் கப்புக்கும் பொருந்தும்.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதனால் உங்களுக்குக் கைக்கு எட்டும் விலையில் வருபவை பெரும்பாலும் அதற்கு முன் வந்த, பலர் கைமாறிய கப்களாகவே இருக்கும். அவற்றில் இரண்டு இடங்களை நீங்களே பார்க்க வேண்டும். ஒன்று, தகடுகளின் எண்ணிக்கை இரு பக்கமும் சமமா, இறுக்கும் ஆணிகள் புதிதாக மாற்றியவையா என்பது. மற்றது, பின் ஸ்பிரிங் சட்டத்தோடு சேருமிடம். காங்கேசன்துறைக் கடல் தெல்லிப்பழையிலிருந்து சில கிலோமீற்றரில் இருக்கிறது. உப்புக் காற்றும் செம்மண் சேறும் சட்டத்தின் உட்புறத்தில் தங்கி உள்ளிருந்தே அரிக்கும். வெளியே புதுக் கறுப்புப் பூச்சு பளபளத்தால் ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல உருக்கு கணீரென்று ஒலிக்கும். பொத்தென்று கேட்டால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள்.

என் அபிப்பிராயம்: வெங்காயக் காலத்தில் வாரத்தில் சில நாட்களாவது நிறைய ஏற்றுகிறவர் நீங்கள். ஹைலக்ஸை உடனே விற்காதீர்கள். முதலில் மச்சானிடம் நவாராவை ஒரு காலைப்பொழுதுக்குக் கேட்டு வாங்குங்கள். இரண்டு வாகனத்திலும் 50 கிலோ சீமெந்து மூட்டை பதினைந்து ஏற்றி, ஏற்றுமுன்னும் பின்னும் பின் சில்லின் நடுவிலிருந்து அதற்கு மேலே உள்ள பெட்டியின் விளிம்பு வரை அளவு நாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அம்மாவை முன் சீற்றில் இருத்தி, உங்கள் ஒழுங்கையிலேயே இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். ஏற்றிய நவாரா உங்கள் ஹைலக்ஸை விடச் சுகமாக ஓடுவதாக அவர் சொன்னால், விற்பதைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.