விடரிடைப் பரிசற் செலவு

நார்வே நாட்டின் மேலைக் கடற்கரையில், மலைகளைப் பிளந்து உள்நாட்டுள் நெடுந்தூரம் புகுந்து கிடக்கும் கடல்நீர்க் கிளைகளைப் பியோர்டு என்பர். அவற்றுட் பெரிதாகிய சோக்னே பியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. அதன் ஆழம் 1,300 மீட்டர் அளவினது. கப்பலேறி அவ்வழகு காண்பார் பலர். எம் ஊராகிய திருப்பூர் இராயபுரத்தினின்று அங்குச் செல்லுதல் எளிதோ? ஆயினும் இருமருங்கும் கற்சுவர் ஓங்கி நிற்ப, இடையே நீர்மேற் செல்லும் இன்பத்தை நம் நாட்டிலேயே நுகர விரும்புவார்க்குத் தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல் உளது.

ஆண்டுக் காவிரி அருவிகளாய் வீழ்ந்து, ஒடுங்கிய மலைப்பிளப்பினுட் புகுகின்றது. திவலை புகையென எழுதலின், புகையும் கல் எனப் பொருள்படும் கன்னடப் பெயர் அதற்கு வாய்த்தது. மலைப்பிளப்பை நம் முன்னோர் விடர் என்றனர். பியோர்டைக் கழி என மட்டும் கூறின், நெய்தல் நிலத்து ஆழமற்ற உப்பங்கழியே நினைவிற்கு வரும். விடர்க்கழி என்பது பொருந்தும் என்பது எம் கருத்து.

இனி, இரண்டும் தோன்றிய வகை வேறு. பனியூழியில் மலைமேல் உறைந்த பனிப்பாளம், தன் பொறையால் மெல்ல இழிந்து, பள்ளத்தாக்கின் அடியையும் பக்கங்களையும் ஒருங்கே அரைத்தது. ஆதலின் அதன் குறுக்குவடிவம் நம் பகர எழுத்தை ஒக்கும். பனி உருகிய பின் கடல் உட்புகுந்தது. ஆறோ தான் ஓடும் தடத்தையே அறுக்கும்; ஒகேனக்கல்லிற் பாறை வன்மையுடையதாகலின், விடர் ஆழ்ந்ததேயன்றி மிக அகன்றிலது.

இவ்விடரிற் செல்லும் பரிசல் மூங்கிற் பிளாச்சுகளால் முடைந்த வட்டக் கூடையே. முற்காலத்துத் தோல் போர்த்தனர். இந்நாளில் பிளாஸ்டிக் தாளும் தாரும் அவ்விடத்தைப் பெற்றன. முன்னும் பின்னும் அற்ற இக்கலம், ஒருபுறமே துடுப்பிட்டாற் சுழலும். சுழலாது நேரே செலுத்துவதே பரிசற்காரர் திறம். தட்டையான அடியுடைமையால் ஆழமற்ற நீரிலும் மிதக்கும். பாறை குறுக்கிட்டாற் கலத்தைத் தலைமேற் கவிழ்த்துச் சுமந்து நடப்பர். உலக மரபுரிமைப் பட்டியலில் 2005ஆம் ஆண்டு சேர்ந்த பியோர்டுகளிற் சிறு பயணிகள் கப்பல்கள் 2026 முதல் கரியுமிழாது செல்லல் வேண்டும் என நார்வே அரசு விதித்துள்ளது. எம் பரிசலுக்கு அவ்விதி வேண்டுவதின்று!

ஆயினும் பியோர்டிற்குக் கடல் என்றும் நீர் தரும். பரிசற்காரர்க்கு அவ்வுறுதி இல்லை. மேலே பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீர் மிகின், அரசினர் பரிசலைத் தடுப்பர். அது தக்கதே, விடரிற் பெருகும் வெள்ளத்திற்கு ஒதுங்க இடமின்மையின். நீர் அருகினும் கலம் கரையிற் கவிழ்ந்து கிடக்கும். இருநிலையிலும் கூலி இல்லை. 2018ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தமிழகத்திற்கு ஆண்டொன்றுக்கு 177.25 டி.எம்.சி. நீர் பிலிகுண்டுலுவில் வருதல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அந்நீர் சின்னாளில் வெள்ளமாய் ஒருங்கே பாய்ந்தால் மேட்டூர் அணை நிரம்பும். பரிசற்காரர் இல்லத்து அடுப்போ எரியாது.