நுரையீரல் புற்றுநோயும் உடல் மெலிவும்

நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எனப்படும் மருந்துச் சிகிச்சை பெறத் தோட்டங்களிலிருந்து கோலாலம்பூருக்கு வருவோரில் சிலர், பிரிக்பீல்ட்ஸில் உள்ள உறவினர் வீடுகளில் தங்குகின்றனர். லெம்பா பந்தாயிலுள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் அங்கிருந்து தொலைவன்று. அவர்களைக் காண வருவோர் முதலில் கூறுவது, "என்ன அண்ணே, இப்படி இளைத்துவிட்டீர்களே!" என்பதுதான். "மருந்து கடுமையானது, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டார் சமாதானம் கூறுவர். இந்தச் சமாதானமே தீங்கானது.

மருந்து ஏற்றத் தொடங்குவதற்கு முன்னரே பல நோயாளர்களின் எடை குறைந்துவிடுகிறது. புற்றுநோய் உடலெங்கும் ஒருவகை அழற்சியைத் தூண்டிப் பசியை மங்கச் செய்வதோடு, தசையையும் கரைக்கிறது. ஆகவே ஓரளவு உண்பவரும் மெலிவார். இதனை மருத்துவர்கள் கேஷெக்சியா என்பர். இதன்மேல் சிகிச்சையின் தொல்லைகளும் சேர்கின்றன. சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் குமட்டலையும் வாந்தியையும் உண்டாக்கக்கூடும். வாய்ப்புண் வரலாம், நாவில் இரும்புச் சுவை தட்டலாம்.

அமெரிக்காவில் 3,047 புற்றுநோயாளர்களை ஆராய்ந்து 1980ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு, சிகிச்சைக்கு முன் எடை இழந்தவர்களின் ஆயுள் பொதுவாகக் குறைந்திருந்ததைக் காட்டியது. ஆறு மாதத்தில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் எடை குறைவது எச்சரிக்கையென 2011இல் பன்னாட்டு வல்லுநர்கள் வரையறுத்தனர். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது வெறும் 3 கிலோ!

வெட்டிய பாலை நாள்தோறும் நிறுத்துக் கணக்கெழுதும் பழக்கம் நமக்கு உண்டு. நோயாளரையும் வாரம் ஒருமுறை, காலையில், ஒரே தராசில், மெல்லிய உடையுடன் நிறுத்துக் குறிப்பேட்டில் எழுதி வருக. மருந்தின் அளவும் பெரும்பாலும் உயரத்தையும் எடையையும் கொண்டே கணக்கிடப்படுகிறது. கால் வீங்கியிருந்தால் நீரின் கனம் மெலிவை மறைத்துவிடும். அதனையும் மருத்துவரிடம் கூற வேண்டும்.

இனிப் பத்தியம் பற்றிக் கூறுவோம். "முட்டை ஆகாது, மீன் ஆகாது, பால் கட்டியை வளர்க்கும்" என்று கூறி, வெறுங்கஞ்சியிலேயே நோயாளரை வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அன்பினால் செய்வதே எனினும், கரையும் தசைக்கு ஈடுகட்டும் புரதத்தை அது தடுத்துவிடுகிறது. நோயாளரின் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை என்பது உணவியலார் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராமே உள்ளது. எனவே கஞ்சியே குடிப்பதாயினும் அதில் பருப்பையும், பொடித்த நெத்திலியையும், ஒரு கரண்டி எண்ணெயையும் சேர்க்கலாம். தெம்பே, தவு, கோழி, மீன் யாவும் நன்று. சிறுநீரகக் கோளாறோ நீரிழிவோ உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவமனை உணவியலாளரிடம் கேட்டறிக. காப்பிக் கடை அரைவேக்காட்டு முட்டை வேண்டா. சிகிச்சைக் காலத்தில் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியிருக்குமாதலால் முட்டை முழுதும் வெந்திருக்க வேண்டும்.

மூன்று வேளைச் சோற்றுக்குப் பதிலாக, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை சிறிதளவு கொடுப்பது எளிது. தாளிக்கும் மணமே குமட்டினால் ஆறிய உணவைக் கொடுக்கலாம்.

சமைத்தவர் முகம் வாடுவதும் உண்டு. "இரண்டு வாய் கூடவா சாப்பிட முடியாது?" என்று நோயாளரைக் கடிந்துகொள்வர். பசியின்மை அவருடைய பிடிவாதமன்று, நோயின் வேலை. உணவால் மட்டும் இம்மெலிவை முற்றாகத் தடுக்கவும் இயலாது. ஆதலால் வற்புறுத்தி ஊட்டுவதைவிட, எடைக் குறிப்பேட்டை அடுத்த முறை மருத்துவரிடம் காட்டி, எத்தனை முறை வாந்தி வந்தது, விழுங்கும்போது வலிக்கிறதா என்பவற்றைக் கூறுவதே பயன் தரும். வாந்தியைத் தடுக்க நல்ல மருந்துகள் உள்ளன. நாட்டு மருந்து ஏதேனும் உட்கொண்டிருந்தால் மறைக்க வேண்டா. காய்ச்சல் 38 பாகையை எட்டினால் மட்டும் தவணை நாளுக்காகக் காத்திராமல் அன்றே, இரவாயினும், மருத்துவமனைக்குச் செல்க.