புதுக் குரலுக்கு அரைக்கட்டை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் கல்லூரி பேண்டில் பாடிக்கொண்டிருந்த பையன் படிப்பை முடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான், கல்லூரி விழாவான டீப்வுட்ஸ் வருவதற்குள் புது ஆள் தேட வேண்டும் என்று எழுதியிருந்தாய். கூடவே, இண்டியன் ஓஷன் சென்னைக்கு வந்தால் டிக்கெட் எடுக்கலாமா, அசீம் சக்ரவர்த்தி இல்லாத அந்தக் குழுவில் கேட்க என்ன மிச்சம் இருக்கிறது என்றும் கேட்டிருந்தாய். டிக்கெட் எடு. உன் முதல் கவலைக்கும் அங்கே பதில் கிடைக்கும்.

நம்மவர்களிடம் கேட்கிற பழக்கம் இரண்டு விதமாக இருக்கிறது. ஆடி மாதம் சேலையூர், சிட்லபாக்கம் அம்மன் கோயில்களில் மெல்லிசைக் கச்சேரி நடக்கும்போது, 'அப்படியே எஸ்.பி.பி.' என்பதுதான் பாடகருக்குக் கிடைக்கும் உச்சப் பாராட்டு. சினிமாப் பாட்டுக்கு அசல் ரெக்கார்டில் இருப்பதால், அதோடு ஒட்டிப் போகிறதா என்றுதான் காது பார்க்கும். அதே மனிதர் மார்கழியில் நங்கநல்லூரிலோ குரோம்பேட்டையிலோ சபாவில் போய் உட்கார்ந்தால், ஒரே தியாகராஜர் கீர்த்தனையை நாலு பேர் நாலு பாணியில் பாடுவதைக் கேட்டுத் தலையாட்டுகிறார். அசல் யாருடையது என்ற பேச்சே எழுவதில்லை. பாடகர் மாறிய பழைய ராக் குழுவைப் பார்க்கப் போகும்போது, கோயில் கச்சேரிக் காதை வீட்டில் விட்டுவிட்டு சபாக் காதோடு போ.

இண்டியன் ஓஷனின் கதையையே எடுத்துக்கொள். சுஷ்மித் சென் கிட்டாரிலும் அசீம் தபலாவிலும் குரலிலுமாக, 1990-ல் டெல்லியில் தொடங்கிய குழு. பிறகு பாஸ் கிட்டாருக்கு ராகுல் ராம், டிரம்ஸுக்கு அமித் கிலாம் வந்து சேர்ந்தார்கள். 2000-ல் வந்த 'கந்தீசா' ஆல்பம்தான் அவர்களை ஊர் ஊராகக் கொண்டுபோனது. அந்தத் தலைப்புப் பாடல் கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய அரமேய வழிபாட்டுப் பாட்டு. 'மா ரேவா' நர்மதைக் கரை மக்கள் பாடுவது. இந்தக் குழு பாடி நாம் மயங்கிய பாடல்களில் சில, அவர்களுக்கு முன்பே எத்தனையோ தொண்டைகளில் இருந்து வந்தவை.

2009 டிசம்பர் 25 அன்று அசீம் இறந்தார். குழு என்ன செய்தது என்பதுதான் நீ கவனிக்க வேண்டியது. தபலா வாசித்தபடியே பாடியவர் அவர். அப்படி இன்னொருவரைத் தேடி அவர்கள் அலையவில்லை. குரலுக்கு ஹிமான்ஷு ஜோஷி, தபலாவுக்கு துஹீன் சக்ரவர்த்தி என ஓர் இடத்துக்கு இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். அசீம் பாடி வைத்திருந்தவற்றை '16/330 கஜூர் ரோடு' என்ற ஆல்பமாக 2010-ல் வெளியிட்டார்கள். 2013-ல் சுஷ்மித்தும் விலக, நிகில் ராவ் கிட்டாரைக் கையில் எடுத்தார். 2014-ல் 'தண்டானு' வந்தது. அதில் நம்ம செல்வகணேஷும் வயலின் குமரேஷும் உண்டு. இறந்தவரின் சாயலில் ஒருவரை நிறுத்துவதற்குப் பதிலாக, குழு தன்னையே மாற்றிக்கட்டிக்கொண்டது.

வெளிநாட்டுக் குழுக்கள் இதே சிக்கலை வேறு வேறு வழிகளில் தாண்டின. ஏசி/டிசியின் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார். பிரையன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டு ஜூலையிலேயே 'பேக் இன் பிளாக்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். புதுக் குரலுக்கெனப் புதுப் பாட்டு, அது ஒரு வழி. குவீன் குழு ஃப்ரெடி மெர்குரியின் இடத்தை நிரப்பியதாகச் சொல்லிக்கொள்ளவே இல்லை. 'குவீன் + ஆடம் லாம்பர்ட்' என்று பெயரிலேயே ஒரு கூட்டல் குறியைப் போட்டுக்கொண்டது. ஜர்னி குழுவினர் பழைய குரலின் சாயலையே தேடி, 2007-ல் யூடியூபில் பிலிப்பைன்ஸ் நாட்டு அர்னெல் பினேடாவைக் கண்டுபிடித்தார்கள். சாயலில் தொடங்குவது குற்றமில்லை, டி.எம்.எஸ்.கூட பாகவதர் சாயலில் பாடித்தான் சினிமாவுக்குள் நுழைந்தார். உன் வயதுக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்ட லிங்கின் பார்க்கையும் சொல்ல வேண்டும். செஸ்டர் பென்னிங்டன் இறந்து ஏழு வருடம் கழித்து, 2024-ல் எமிலி ஆம்ஸ்ட்ராங்கோடு திரும்பிய குழு, அதே ஆண்டில் புது ஆல்பமும் போட்டது.

சறுக்கியவர்களிடம்தான் பாடம் அதிகம். அயர்ன் மெய்டனில் பாடகர் புரூஸ் டிக்கின்சன் விலகியதும் 1994-ல் பிளேஸ் பேலி வந்தார். அவருடையது கனத்த, தாழ்ந்த குரல். டிக்கின்சனின் உச்சத்துக்காக அமைந்த பழைய பாடல்களை மேடையில் பாடத் திணறினார். இரண்டு ஆல்பங்களுக்குப் பிறகு, 1999-ல் டிக்கின்சன் திரும்பி வந்தார். பேலி காலத்துப் பாடல்களான 'சைன் ஆஃப் தி கிராஸ்', 'தி கிளான்ஸ்மேன்' இரண்டையும் அதன் பிறகு டிக்கின்சனே மேடையில் பாடினார், கூட்டம் கூடவே பாடியது. பாட்டில் குறை இல்லை, பேலியிடம் திறமைக் குறைவும் இல்லை. பொருந்தாத அளவில் தைத்த சட்டையை அவருக்குப் போட்டுவிட்டார்கள்.

இனி, போகும்போது செய்ய வேண்டியவை. முந்தின நாள் 'கந்தீசா'வையும் 'தண்டானு'வையும் அடுத்தடுத்துக் கேள். அரங்கில் மேடைக்கு அடியில் போய் நிற்காதே. அங்கே டிரம்ஸும் பாஸும் குரலை விழுங்கிவிடும். சவுண்ட் கன்சோலுக்குப் பக்கத்தில் நின்றால், மிக்ஸ் செய்பவர் கேட்கிற மாதிரியே உனக்கும் கேட்கும். காதுக்கு இயர்பிளக் எடுத்துக்கொள். பழைய பாட்டு வரும்போது சுருதி இறங்கியிருக்கிறதா, முன்பு ஒருவர் பாடிய வரியை இப்போது இருவர் பங்கிட்டுக்கொள்கிறார்களா, புதியவர் பாடும்போது பழையவர்கள் அவர் முகத்தைப் பார்க்கிறார்களா என்று கவனி. எந்த இடத்தில் கோரஸைக் கூட்டத்திடம் விடுகிறார்கள் என்பதையும் பார். குழு புதியவருக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறது என்பது அங்கெல்லாம் தெரிந்துவிடும். புதுப் பாட்டு தொடங்கியதும் டீ குடிக்கக் கிளம்பிவிடாதே. அந்தப் பாடகரை ஒப்பீடே இல்லாமல் கேட்கக் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். தாம்பரத்துக்குக் கடைசி மின்சார ரயில் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் போகும்போதே பார்த்து வைத்துக்கொள்.

உங்கள் பேண்ட் விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரிக் குழுவுக்குப் பாடகர் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறித்தான் தீருவார். ஆள் எடுக்கும்போது, போன பையனின் பாட்டைக் கொடுத்து அவன் மாதிரி பாடச் சொல்லாதீர்கள். வருகிற ஜூனியர் தனக்குப் பிடித்ததைப் பாடட்டும். அவர் குரல் எந்தக் கட்டையில் சிரமமில்லாமல் நிற்கிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் அரைக்கட்டை இறக்கி வாசித்துப் பாருங்கள். கிட்டார்காரர்களுக்கு விரல் பழக ஒரு வாரம் ஆகும், ஆகட்டும். டீப்வுட்ஸ் மேடையில் பழைய பாட்டு இரண்டுக்கு மேல் வேண்டாம். அவரை வைத்து உருவாக்கிய ஒரு பாட்டாவது இருக்கட்டும்.

அந்த ஒரு பாட்டு தயாரானதும் எனக்கு எழுது. கேட்க வருகிறேன்.

அன்புடன்,
மாமா