கீழே கடை, மேலே வீடு: நெருக்கமான தெருவில் கட்டப் போறீங்களா?

திருவல்லிக்கேணி, சிந்தாதிரிப்பேட்டை பக்கம் பார்த்திருப்பீங்க. இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர், நடுவில் ஒரு பழைய ஓட்டு வீடு. அதை இடித்து கீழே கடை, மேலே வீடு கட்ட நினைக்கிறவரா நீங்கள்? பஸ், மார்க்கெட், பள்ளிக்கூடம் எல்லாம் நடக்கிற தூரம். ஊருக்கு வெளியே மனை வாங்குவதைவிட நல்ல முடிவுதான்.

ஆனால் முதலில் அனுமதி. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட, ஆன்லைனில் உடனடி அனுமதி தரும் சுயசான்று திட்டம் 2024 ஜூலையில் வந்தது. அது குடியிருப்புக்கு மட்டும். கீழே ஒரே ஒரு கடை வந்தாலும் ஒற்றைச் சாளர இணையதளத்தில் வழக்கமான முறையில்தான் விண்ணப்பிக்கணும். வீடு என்று அனுமதி வாங்கி அப்புறம் ஷட்டர் போட்டால், சீல் வைக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

அடுத்தது வெளிச்சம். பக்கவாட்டில் ஜன்னல் வைக்க முடியாது. முன்னாலும் பின்னாலும் மட்டும் வைத்தால் நடு அறை பகலிலேயே இருட்டு. நம்ம பழைய வீடுகளில் முற்றம் இருந்தது இதற்காகத்தான். மாடிப்படியை நடுவில் வைத்து, மேலே கண்ணாடிக் கூரை போட்டு, அதன் ஓரங்களில் காற்று வெளியேற வழி விடுங்கள். சூடான காற்று தானே மேலேறிப் போய்விடும். 'அந்த இடத்தையும் கடைக்கே கொடுத்துடலாமே' என்று தோன்றும். கொடுக்காதீங்க, பிறகு மாதாமாதம் கரண்டுக்குத்தான் கொடுப்பீங்க.

இடிக்கும் முன் பக்கத்து வீட்டுக்காரரைக் கூட வைத்து, அவர் சுவரில் ஏற்கெனவே உள்ள விரிசல்களைப் போட்டோ எடுங்கள். பின்னால் வரும் சண்டை பாதி குறையும். அஸ்திவாரத்தை ஒரே மூச்சில் தோண்டாமல், கட்டமைப்புப் பொறியாளர் சொல்கிறபடி சிறு சிறு பகுதியாகத் தோண்டணும். பழைய சுவர் சரிந்தால் உயிர் போகும்.

தேக்கு உத்தரம், முழுச் செங்கல் எல்லாம் மறுபடி பயன்படும். மீதி இடிபாட்டை ஏரிக்கரையில் கொட்ட வேண்டாம். சென்னையில் பெருங்குடி, கொடுங்கையூரில் அதை அரைத்துப் பயன்படுத்தும் ஆலைகள் இருக்கு. எடுத்துச் செல்வது பற்றி 1913-ல் கேளுங்கள்.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். உறிஞ்சு குழி அடுத்தவர் அஸ்திவாரத்தை ஒட்டி வரக்கூடாது.

மின் இணைப்பு கடைக்குத் தனி, வீட்டுக்குத் தனி. பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் அதிகபட்சம் ரூ.78,000 மானியம் வீட்டு இணைப்புக்குத்தான், கடைக்குக் கிடையாது. அதனால் மொட்டை மாடி சோலார் பேனலை எந்த மீட்டரோடு இணைப்பது என்பதை ஒயரிங் தொடங்கும் முன்பே எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிடுங்கள்.