காரணத்தையும் சேர்த்துத் திறந்து வையுங்கள்

திறந்த வன்பொருள் என்ற பெயரில் வெளியிடப்படும் வீட்டுத் தயாரிப்புகள் பலவற்றை அப்படியே நகலெடுக்கலாம். கொஞ்சம் மாற்றிக் கட்டுவதென்றால்தான் திண்டாட்டம். சர்க்யூட் வரைபடம் இருக்கும், பலகை அச்சடிக்கக் கோப்பு இருக்கும், உதிரிப் பட்டியலும் இருக்கும். ஆனால் பட்டியலில் உள்ள ஒரு ஐசி, மின்னணு உதிரிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கிடைக்கவில்லை என்றால் வேலை அங்கேயே நின்றுவிடும். அதற்குப் பதிலாக எதைப் போடலாம், எதைப் போட்டால் கெடும் என்பது வடிவமைத்தவரின் தலைக்குள் மட்டுமே இருக்கும். இப்படிப்பட்ட கருவிகளைச் செய்து பார்த்ததிலும் பிறர் செய்ததைப் படித்ததிலும் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. ஒரு வடிவமைப்பு திறந்ததா இல்லையா என்பது கோப்புகளை வெளியிடும் நாளில் முடிவாவதில்லை. ஒவ்வொரு உதிரியையும் தேர்ந்தெடுக்கும் வேளையில், ‘ஏன் இது’ என்று எழுதி வைத்தோமா என்பதில்தான் அது முடிவாகிறது.

ஒரு சிறிய கருவியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். 18650 லித்தியம் பேட்டரி ஒன்றில் ஓடி, வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பதிந்து வைக்கும் கருவி. மூளையாக ஏடிமெகா328பி, சென்சாராக பிஎம்இ280, பதிவுக்கு 32 கிலோபைட் ஈப்ராம். எல்லாம் 3.3 வோல்ட்டில் ஓடும். இதில் மிகச் சாதாரணமாகத் தோன்றும் உதிரி வோல்டேஜ் ரெகுலேட்டர். 3.3 வோல்ட் என்றதும் கை தானாகப் போவது ஏஎம்எஸ்1117 பக்கம். விலை குறைவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் எந்தச் சுமையும் இல்லாதபோதே அது தனக்கென்று சுமார் 5 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்கிறது. 2000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியை அது ஒன்றே 400 மணி நேரத்தில், அதாவது பதினேழு நாளுக்குள், காலி செய்துவிடும். போதாததற்கு, உள்ளே வரும் மின்னழுத்தம் வெளியே போவதைவிட ஏறக்குறைய 1 வோல்ட் கூடுதலாக இருந்தாக வேண்டும். லித்தியம் பேட்டரி முழுதாக ஏறியிருக்கும்போதே 4.2 வோல்ட்தான், சற்றே இறங்கினாலும் 3.3 கிடைக்காது. எம்சிபி1700 என்ற ரெகுலேட்டர் தனக்கென எடுப்பது 1.6 மைக்ரோ ஆம்பியர். அதற்கு வேண்டிய கூடுதல் அழுத்தமும், இந்தக் கருவி இழுக்கும் சிறு மின்னோட்டத்துக்கு, மிகக் குறைவு. ஆகவே அதுதான் இங்கே பொருத்தம்.

உதிரிப் பட்டியலில் இவ்வளவும் சுருங்கி ‘யு2: எம்சிபி1700-3302’ என்று ஒரு வரியாகிவிடுகிறது. கட்ட முனைபவர் அது கிடைக்காமல் ஏஎம்எஸ்1117 போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி வேலை செய்யும்! மேசையில் சோதிக்கும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். மூன்றாவது வாரம் பேட்டரி செத்துக் கிடக்கும். காரணம் புரியாமல் அவர் நிரலில் குற்றம் தேடுவார். எதிர்த் திசையிலும் விபத்து உண்டு. எம்சிபி1700-இன் உள்ளீடு 6 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 9 வோல்ட் பேட்டரியை மாட்டினால் ஐசி போய்விடும். வெளியீட்டில் வைக்கும் கெப்பாசிட்டரிலும் இதே கதைதான். எம்சிபி1700 சிறிய செராமிக் கெப்பாசிட்டரோடு ஒழுங்காக ஓடும். 1117 குடும்பத்தைச் சேர்ந்த எல்எம்1117-க்கோ கெப்பாசிட்டரின் உள்தடை 0.3 ஓமிலிருந்து 22 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்று டேட்டாஷீட்டே சொல்கிறது. அதனால்தான் டான்டலம் பரிந்துரைக்கப்படுகிறது. உள்தடை மிகக் குறைந்த நல்ல செராமிக்கை அங்கே வைத்தால் வெளியீடு அலைபாயக் கூடும். இவ்வளவையும் தவிர்க்க நாலு வரிக் குறிப்பு போதும்: உள்ளீடு 3.4 முதல் 4.2 வோல்ட், கருவி தூங்கும்போது மொத்த மின்னோட்டம் 20 மைக்ரோ ஆம்பியருக்குள் இருக்க வேண்டும், உச்சச் சுமை 250 மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது, மாற்றாக எச்டி7333 போடலாம், கால் வரிசையை டேட்டாஷீட்டில் ஒத்துப் பார்த்த பிறகு.

டேட்டாஷீட்டைப் படித்தால் இதெல்லாம் தெரியாதா, கட்டுபவரும் ஓரளவு தெரிந்தவர்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஓர் உதிரியால் என்னென்ன முடியும் என்பதைத்தான் டேட்டாஷீட் சொல்லும். அவற்றில் எந்தக் குணத்தை நம்பி இந்தப் பலகை நிற்கிறது என்பதை வடிவமைத்தவர் மட்டுமே சொல்ல முடியும். கடிகார வேகத்தைப் பாருங்கள். ஏடிமெகா328பி 20 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும் என்று முதல் பக்கத்திலேயே இருக்கும். அந்த வேகத்துக்கு 4.5 வோல்ட்டாவது வேண்டும் என்பதும், 2.7 வோல்ட்டில் 10 மெகாஹெர்ட்ஸ்தான் எல்லை என்பதும் பின்பக்கங்களில் ஒரு வரைகோடாக இருக்கும். 3.3 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 13-ஐ ஒட்டி வருகிறது. எனவே 16 மெகாஹெர்ட்ஸ் படிகம் இங்கே எல்லை மீறல். 8 மெகாஹெர்ட்ஸ் பாதுகாப்பு. ‘8 மெகாஹெர்ட்ஸ், ஏனெனில் 3.3 வோல்ட்’ என்று படிகத்தின் பக்கத்தில் எழுதாவிட்டால், கையில் இருக்கும் 16-ஐ யாராவது போடத்தான் போடுவார்கள். பெரும்பாலும் ஓடவும் செய்யும். எப்போதாவது காரணமில்லாமல் தடுமாறும் கருவியில் பிழை கண்டுபிடிப்பது எவ்வளவு கொடுமை என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

2021, 2022 ஆண்டுகளின் சிப் தட்டுப்பாடு இந்தப் பாடத்தை எல்லோருக்கும் கற்பித்தது. சாதாரண மைக்ரோகன்ட்ரோலர்களே மாதக்கணக்கில் கிடைக்காமல் போயின. ஏடிமெகா328பி-க்குப் பதில் அதன் தம்பியான 328பிபி-யைப் போடலாம் என்றால், 32 கால் தட்டை உறையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றேதான். ஆனால் பழையதில் தரைக்கும் மின்வழங்கலுக்கும் போகிற 3, 6 ஆகிய கால்கள் புதியதில் சாதாரண உள்ளீட்டு-வெளியீட்டுக் கால்கள். பழைய பலகையில் புதியதைப் பற்ற வைத்தால், அந்தக் கால்களை நிரல் வெளியீடாக மாற்றாத வரை பாதகமில்லை. இந்த ஒரு வாக்கியம் குறிப்பில் இருந்தால் தட்டுப்பாட்டு நாளிலும் வடிவமைப்பு உயிரோடு இருக்கும். சென்சாரிலும் இப்படி ஒன்று உண்டு. பிஎம்இ280 இரண்டரை மில்லிமீட்டர்ச் சதுரம். பட்டைகள் அடியில் இருப்பதால் சாதாரண சால்டரிங் அயர்னால் பற்ற வைப்பது கடினம். அதனால் அதைச் சிறு பலகையாக வாங்கி, கழற்றக்கூடிய சாக்கெட்டில் செருகுவதே வீட்டுக்கு ஏற்றது. ஆனால் அந்தப் பெயரில் விற்கும் பலகைகளில் ஈரப்பதம் அளக்காத பிஎம்பி280 வந்து சேர்வதும் உண்டு. பதினறும எண் முறையில் சிப்பின் அடையாள எண் 60 என்றால் பிஎம்இ280, 58 என்றால் பிஎம்பி280. நிரல் தொடங்கியதும் அதைப் படித்துச் சொல்லும்படி எழுதிவிட்டால் வாங்கியவருக்கு அலைச்சல் மிச்சம்.

காரணம் தெரிந்தாலும், மாற்ற வேண்டுமென்றால் மூலக் கோப்பு வேண்டும். திறந்த வன்பொருள் சங்கம் பேணிவரும் வரையறை இதைத் தெளிவாகவே சொல்கிறது: மாற்றம் செய்ய எந்த வடிவக் கோப்பு வசதியோ அதைத் தர வேண்டும், அச்சுக்குத் தயாரான செம்பு வரைவு அதற்கு ஈடாகாது. பலகை அச்சடிக்கும் ஜெர்பர் கோப்பு மட்டும் தருவது மூல நிரலை மறைத்துக்கொண்டு செயலியை மட்டும் தருவதற்குச் சமம். சர்க்யூட் வரையும் மென்பொருளான கீகேட் இலவசம், அதன் கோப்புகளும் வெறும் உரையாகவே இருப்பதால் என்ன மாறியது என்று வரிக்கு வரி பார்க்கலாம். அதனால் அதையே பரிந்துரைக்கிறேன். புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது என்பதால் பதிப்பு எண்ணைக் குறிப்பிடுங்கள், வரைபடத்தின் பிடிஎஃப் ஒன்றையும் சேருங்கள்.

இவ்வளவு எழுத யாருக்கு நேரம் என்பது அடுத்த ஆட்சேபம். பொழுதுபோக்காகச் செய்வதை அலுவலக வேலையாக்கினால் ஆர்வமே போய்விடும் என்பார்கள். நேரத்தைத் தின்பது எழுதுவதைத் தள்ளிப்போடுவதுதான். தேர்ந்தெடுத்த நிமிடத்தில் காரணம் மனதில் பளிச்சென்று இருக்கும். ஆறு மாதம் கழித்து டேட்டாஷீட்டை மறுபடி முழுதும் படிக்க வேண்டியிருக்கும். கீகேடில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் நாமே புலங்களைச் சேர்க்கலாம். ‘காரணம்’, ‘மாற்று’ என்று இரண்டு புலம் வைத்தால், வரைபடம் போடும்போதே நிரப்பிவிடலாம். உதிரிப் பட்டியலை ஏற்றுமதி செய்யும்போது அவையும் கூடவே வரும். தனி ஆவணம் தேவையில்லை.

இஎஸ்பி32 இருக்கும்போது இந்தப் பழைய சிப் எதற்கு என்றும் கேட்பார்கள். வைஃபை வேண்டுமென்றால் தாராளமாக அதையே எடுங்கள். ஆனால் அது அனுப்பும் நொடியில் 240 மில்லி ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 500 தரக்கூடிய மின்வழங்கலைத் தயாரிப்பாளரே கேட்கிறார். 250-இல் நிற்கும் நம் ரெகுலேட்டர் அதற்குப் போதாது. மூளையை மாற்றினால் ரெகுலேட்டரையும் மாற்ற வேண்டும் என்பது அந்த நாலு வரிக் குறிப்பைப் படித்தவருக்கு உடனே தெரிந்துவிடும்.

கடினமான ஆட்சேபம் இனிமேல்தான். இத்தனை விளக்கமாகக் கொடுத்தால் யாரோ எடுத்து மலிவாகச் செய்து விற்றுவிடுவார்களே? இந்தப் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. திறந்த வன்பொருளில் பேர்போன மேக்கர்பாட் 2012-இல் தன் புதிய முப்பரிமாண அச்சு இயந்திரத்தை மூடியே வெளியிட்டது. 2023-இல் அதே வகை இயந்திரங்கள் செய்யும் ஜோசப் புரூசாவும் நகல்காரர்களைச் சுட்டிக்காட்டி, புதிய இயந்திரத்தின் மின்னணுக் கோப்புகளை உடனே வெளியிடாமல் நிறுத்தினார். வியாபாரத்தை நம்பிப் பலருக்குச் சம்பளம் தருபவர்களுக்கு அந்த இழப்பு உண்மையானது. வீட்டில் ஒன்றிரண்டு செய்பவரின் நிலை வேறு. அவருக்கு இழக்கச் சந்தை இல்லை. பிறர் கட்டிப் பார்த்துச் சொல்லும் திருத்தங்கள்தான் கிடைக்கக்கூடிய வருமானம். வணிகத்தைத் தடை செய்யும் உரிமம் போட்டால் அது வரையறைப்படி திறந்த வன்பொருளே ஆகாது. அச்சமிருந்தால் பெயரைக் காத்துக்கொள்ளலாம்: அர்டுயினோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகையின் வடிவமைப்பை யாரும் செய்யலாம், அந்தப் பெயரைப் போட்டு விற்கக் கூடாது. மாற்றியவர்களும் தங்கள் மாற்றத்தைத் திறக்க வேண்டும் என்று விரும்பினால் செர்ன் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் மூன்று வகைகளில் மிகக் கண்டிப்பானதை எடுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பதிப்புரிமை காப்பது வரைபடத்தை, சர்க்யூட் செய்யும் வேலையை அது காப்பதில்லை.

வெளியிட்ட பிறகு மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கும் அர்டுயினோவே சாட்சி. அதன் 7, 8 எண் கால்களுக்கு நடுவே உள்ள இடைவெளி வழக்கமான கட்டத்தில் பொருந்தாமல் 4.06 மில்லிமீட்டராக அமைந்துவிட்டது. அதன்மேல் செருகும் பலகைகள் பெருகிவிட்டதால் பின்னர் வந்த ஊனோ மாதிரி வரை அதை அப்படியே வைத்திருக்க நேர்ந்தது. ஆகவே திருகுத் துளை, இணைப்பி ஆகியவற்றின் இடத்தை முதல் பலகையை அனுப்பும் முன்பே காகிதத்தில் ஒன்றுக்கு ஒன்று அளவில் அச்சடித்து, உதிரிகளை மேலே வைத்துப் பாருங்கள். பதிப்பு எண்ணைப் பலகையின் மேலேயே அச்சிடுங்கள். 3.3 வோல்ட்டுக்கும் தரைக்கும் மல்டிமீட்டர் முனை தொடும்படி சோதனைப் புள்ளி விடுங்கள். ரெகுலேட்டரை மட்டும் முதலில் பற்ற வைத்து 3.3 வருகிறதா என்று பார்த்த பின்பே மைக்ரோகன்ட்ரோலரைத் தொட வேண்டும் என்று கட்டும் வரிசையையும் எழுதுங்கள். பிழைப் பட்டியல் ஒன்றைக் கோப்புகளோடு வையுங்கள்: எந்தப் பதிப்பு, எந்தக் கால், எந்தச் செம்பு வரியை வெட்டி எங்கே கம்பி இழுக்க வேண்டும் என்று.